தகடூர் தந்த நெல்லிக்கனி

ஆயுள் நீள வேண்டும் என்று ஆசைப்படாத மனிதர் யார்? அரசனுக்கும் அந்த ஆசை உண்டு, ஆண்டிக்கும் உண்டு. ஆனால், ஆயுளை வளர்க்கும் அரிய பொருள் கைக்குக் கிடைத்தும் அதைத் தான் உண்ணாமல் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்ட அரசன் என்று தேடினால், தமிழ்நாட்டில் நினைவுக்கு வருகிறவன் ஒருவன்தான். அவன் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி. அதை வாங்கி உண்ட பாக்கியசாலி ஔவையார்.

தகடூர் என்பது இன்றைய தர்மபுரி. சேலம் ஜில்லாவோடு சேர்ந்திருந்த இந்தப் பகுதி 1965 அக்டோபர் 2ந் தேதி தனி மாவட்டம் ஆயிற்று. சேலம் போகும் சாலையில் அதியமான்கோட்டை என்ற ஊர் இருக்கிறது. ராஜ்யம் போய், கோட்டை போய், எத்தனையோ அரச வம்சங்கள் வந்து போன பிறகும் அந்தப் பெயர் மட்டும் அழியவில்லை. அங்குள்ள அதியமான் கோட்டத்தில் அரசனுக்கும் புலவருக்கும் சிலை வைத்திருக்கிறார்கள்.

முதுமை என்றதும் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வரும் பெண்மணி ஔவையார். பெண்களின் முதுமையைப் பற்றி இன்று வைத்திய உலகில் பெரிய விவாதம் நடக்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு சரீரத்தில் குறைந்து போகும் ஹார்மோன் சத்தை மருந்தாகக் கொடுக்கலாமா, கொடுத்தால் நன்மை அதிகமா, தீமை அதிகமா என்பதே அந்த விவாதம். ஐம்பதை எட்டும் பெண்கள் பலர் டாக்டரிடம் இதைக் கேட்கிறார்கள். கேட்கத் தயங்கி மனத்துக்குள் வைத்துக்கொண்டிருப்பவர்கள் அவர்களைவிட அதிகம். அவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று ஔவையாரின் வாழ்க்கையில் இருக்கிறது.

எந்த ஔவையார்?

ஔவையார் என்ற பெயரில் ஒருவர் அல்ல, பலர் வாழ்ந்தார்கள் என்பது தமிழறிஞர்களின் முடிவு. பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் பாடிய ஔவையார் பிற்காலத்தவர். அதியமானின் நண்பராக விளங்கிய ஔவையார் சங்க காலத்தவர். அவருக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவர். மக்கள் மனத்திலோ எல்லா ஔவையாரும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். கையில் கோல், நெற்றியில் நீறு, தலையில் நரை, வாயில் புத்திமதி! 1953ல் ஜெமினி வாசன் எடுத்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அந்தக் கோலத்தில் தோன்றிப் பாடியதும், நாடு முழுவதும் அந்த உருவமே நிலைத்துவிட்டது.

சங்க கால ஔவையார் அப்படிப்பட்டவரா? அவர் பாடியவையாக 59 பாடல்கள் கிடைத்திருக்கின்றன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. அதாவது, கிட்டத்தட்டப் பாதிப் பாடல்கள் காதலைப் பற்றியவை. தலைவனைப் பிரிந்து தூக்கமின்றித் தவிக்கும் பெண்ணின் நெஞ்சத்தை அவர் பாடியிருக்கிறார். புறநானூற்றுப் பாட்டு ஒன்றில் பகையரசன் ஒருவன் அவரிடம் பேசுகிறான். அங்கே அவர் நகை அணிந்து, கண்ணுக்கு மை தீட்டிய இளம் விறலியாகக் காட்சி தருகிறார். தகடூருக்கு வந்தபோது ஔவையார் கிழவி அல்ல; நல்ல வயதில் இருந்த கலைஞர் என்றே கொள்ள வேண்டும்.

அவருடைய பெற்றோர் யார், பிறந்த ஊர் எது என்பதற்குச் சங்க நூல்களில் செய்தி இல்லை. ஆதி, பகவன் என்ற தம்பதியின் மகள் என்றும், பாணர் வீட்டில் வளர்ந்தவர் என்றும் சொல்லும் கதை பிற்காலத்தில் எழுந்தது. பாட்டும் யாழும் தெரிந்தவர், ஊர் ஊராகச் சென்று வள்ளல்களைப் பாடிப் பரிசில் பெற்று வாழ்ந்தவர் என்பது மட்டும் அவர் பாடல்களிலிருந்தே தெரிகிறது.

வாயிலில் ஒரு சினம்

அதியமானுடைய அரண்மனை வாயிலில் ஔவையார் ஒரு சமயம் காத்திருக்க நேர்ந்தது. பாடியாகிவிட்டது, பரிசில் வரவில்லை. ஒருநாள் ஆயிற்று, மறுநாள் ஆயிற்று. மற்றப் புலவராக இருந்தால் இன்னும் இனிமையாகப் புகழ்ந்து பார்த்திருப்பார்கள். ஔவையார் மூட்டையைக் கட்டினார். யாழை எடுத்து உறைக்குள் வைத்தார். வாயில் காவலனைப் பார்த்து, உன் அரசன் தன் தகுதியை மறந்தானா, என் தகுதியை அறியவில்லையா என்ற பொருளில் கேட்டுவிட்டார். கைத்தொழில் தெரிந்த தச்சன் பிள்ளைக்கு எந்தக் காட்டிலும் மரம் கிடைக்கும்; அதுபோல வித்தை தெரிந்தவனுக்கு எந்தத் திசையிலும் சோறு கிடைக்கும் என்பது அவருடைய துணிவு.

உண்மையில் அதியமான் கொடுக்க மனமில்லாமல் தாமதம் செய்யவில்லை. பரிசிலைக் கொடுத்துவிட்டால் ஔவையார் புறப்பட்டுப் போய்விடுவாரே என்ற ஏக்கத்தால் நாளைக் கடத்தினான் என்பார்கள். விஷயம் விளங்கியதும் ஔவையாரின் சினம் தணிந்தது. அதன்பின் அவர் தகடூருக்கு வேற்றாளாக இல்லை. பலநாள் பலரோடு சென்றாலும் முதல்நாள் காட்டிய முகத்தையே காட்டும் அரசன் அவன் என்று பாடினார். பரிசில் இன்று கிடைக்கலாம், நாளை கிடைக்கலாம். கிடைப்பது மட்டும் நிச்சயம் என்று மற்றப் புலவர்களுக்கும் தைரியம் சொன்னார்.

அரசனுக்கும் அந்தப் பெண்மணிக்கும் இடையே இருந்தது வெறும் வள்ளல், இரவலர் உறவு அல்ல. அது நட்பு. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அவருக்கே கொடுத்துவிடுவான். அதிகமாகக் கிடைத்தால் அவர் பாட, இருவரும் சேர்ந்து மகிழ்வார்கள். அரண்மனைச் சோற்றையும் அப்படித்தான் பகிர்ந்துகொண்டார்கள். அரசன் ஒருவனும் புலமை மிக்க பெண் ஒருத்தியும் இப்படிச் சரிசமமாகப் பழகிய செய்தி பழைய இலக்கியத்தில் மிக அபூர்வம்.

மலையுச்சியில் ஒரு கனி

அப்போதுதான் அந்த நெல்லிக்கனி வந்தது. பெரிய மலை ஒன்றின் பிளவில், ஏறுவதற்கு அரிய உச்சியில், சிறிய இலைகளை உடைய ஒரு நெல்லிமரம். அதில் பழுத்த கனி அதியமானுக்குக் கிடைத்தது. அதை உண்டவர் நெடுங்காலம் வாழ்வர் என்பது நம்பிக்கை. கருநெல்லி என்றும், பல வருஷங்களுக்கு ஒருமுறைதான் காய்க்கும் என்றும் பிற்காலக் கதைகள் இதைப் பெருக்கிச் சொல்லின.

அதியமான் என்ன நினைத்திருப்பான்? அவன் ஒரு போர்வீரன். நாலு பக்கமும் பகைவர்கள். அவனுடைய உயிரை நம்பித் தகடூர் நாடு முழுவதும் இருந்தது. அவன் அந்தக் கனியை உண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் அதை எடுத்து ஔவையாரிடம் கொடுத்தான்.

கொடுத்தபோது அதன் பெருமையைச் சொல்லவில்லை. அதைக் கொண்டுவரப் பட்ட பாட்டையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஔவையார் அதை உண்ண ஒப்புக்கொண்டிருப்பாரா? நாட்டைக் காக்கும் நீயே உண் என்று அவன் கையிலேயே திணித்திருப்பார். ஆகவே அவன் பேசாமல் இருந்தான். அவர் உண்ட பிறகே அதன் தன்மையை அறிந்தார்.

அறிந்ததும் நெகிழ்ந்து போனார். நஞ்சை உண்டும் அழியாத சிவபெருமானைப் போல நீ நிலைத்து வாழ வேண்டும் என்று அவனை வாழ்த்தினார். ஆயுள் பெற்றவர் அந்த ஆயுளைக் கொடுத்தவனுக்கே திருப்பி வேண்டிக்கொண்டார்! இந்த நிகழ்ச்சி புறநானூற்றில் ஔவையாரின் வாய்மொழியாகவே இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை என்ற நூலும் அதியமானை நெல்லிக்கனி கொடுத்தவன் என்றே அடையாளம் காட்டுகிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனாக அவன் எண்ணப்படுவதற்கு இந்த ஒரு கனி போதுமானதாயிற்று.

காஞ்சிக்குத் தூது

நீண்ட ஆயுள் கிடைத்தது. அதை ஔவையார் என்ன செய்தார்? மூலையில் உட்கார்ந்து காப்பாற்றிக்கொண்டிருக்கவில்லை. அரசனுடைய காரியமாக அதை ஊர் ஊராகச் செலவிட்டார்.

காஞ்சியில் இருந்த தொண்டைமானுக்கும் அதியமானுக்கும் பகை மூண்டது. போரைத் தடுக்கத் தூது போகும் பொறுப்பை அதியமான் ஔவையாரிடம் ஒப்படைத்தான். தொண்டைமான் அவரைத் தன் படைக்கலச் சாலைக்கு அழைத்துச் சென்று காட்டினான். வேல்களும் வாள்களும் நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, மாலை சார்த்தி, வரிசையாகப் பளபளத்தன. தன் பலத்தைப் பார்த்து இந்தப் பெண் பயந்து போவாள் என்று அவன் நினைத்திருக்கலாம்.

ஔவையார் பயப்படவில்லை. அவற்றைப் புகழ்ந்தார். அதே மூச்சில், அதியமானுடைய ஆயுதங்கள் இப்படி அழகாக இல்லையே, பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றனவே என்றும் சொன்னார். புகழ்வது போல ஏளனம், ஏளனத்துக்குள் எச்சரிக்கை. ஒரு சொல் கூடக் கடுமையாக இல்லை. பெண் ஒருவர் அரசியல் தூது சென்றதாகத் தமிழ் இலக்கியம் காட்டும் மிகப் பழைய நிகழ்ச்சி இதுதான் எனலாம்.

அதியமானுக்கு மகன் பிறந்த சமயத்தையும் ஔவையார் பாடியிருக்கிறார். போர்க்களத்திலிருந்து வந்தவன் கையில் வேலோடும் காலில் கழலோடும் வந்து குழந்தையைப் பார்க்கிறான். பகைவர் மேல் கொண்ட சினத்தால் சிவந்த கண், பிள்ளையைப் பார்த்த பிறகும் சிவப்பு மாறவில்லை. பொகுட்டெழினி என்ற அவன் மகனையும் ஔவையார் பாடினார். தந்தையோடும் மகனோடும் பழகி, இரண்டு தலைமுறைகளைக் கண்டவர் அவர்.

தகடூர் முற்றுகை

அதியமானின் வீரமே அவனுக்கு வினையாயிற்று. அவன் மலையமான் திருமுடிக்காரியின் கோவலூர் மேல் படையெடுத்து அதை வென்றான். அந்த வெற்றியைப் பரணர் பாடினார் என்று ஔவையாரே குறிப்பிடுகிறார். கோவலூர் என்பது திருக்கோவலூர். அதன் அருகே ஜம்பை என்ற ஊரில் 1981ல் ஒரு பழைய கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதியன் நெடுமான் அஞ்சி குகைப் படுக்கை ஒன்றைச் செய்து கொடுத்ததாக அதில் பொறித்திருக்கிறது. அசோகச் சக்கரவர்த்தியின் கல்வெட்டுகளில் வரும் சத்தியபுத்திரர் என்ற பட்டமும் அதில் அவன் பெயரோடு சேர்ந்திருக்கிறது. நெல்லிக்கனி கொடுத்தவன் வெறும் கற்பனைப் பாத்திரம் அல்ல. இரத்தமும் சதையுமாக வாழ்ந்த அரசன் என்பதற்கு அந்தக் கல் சாட்சி.

தோற்ற காரி சேரனிடம் உதவி நாடினான் என்றும், அதிலிருந்தே பெரும்போர் மூண்டது என்றும் வரலாற்றாசிரியர்கள் தொடுத்துச் சொல்வார்கள். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு அழித்தான். தகடூர் எறிந்தவன் என்பதே அவனுடைய பட்டப்பெயராகிவிட்டது. அந்தப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று ஒரு நூல் எழுந்தது. அது முழுவதும் கிடைக்காமல் போய், சில பாடல்கள் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

அதியமான் போரில் மார்பில் வேல் பாய்ந்து மாண்டான். ஔவையார் உயிரோடு இருந்தார். அவன் உடல் எரிவதைப் பார்த்தார். அவனுக்கு நடுகல் நட்டு, பீலி சூட்டி, கள் படைத்ததைப் பார்த்தார். நாடு முழுவதையும் கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சிறிய கலத்துக் கள்ளையா வாங்கிக்கொள்வான் என்று கலங்கினார். அவன் மார்பில் பாய்ந்த வேல், பாணர்களின் உண்கலத்தையும் புலவர்களின் நாவையும் சேர்த்தே துளைத்தது என்று புலம்பினார். இனிப் பாடுகிறவர்களும் இல்லை, பாடுகிறவர்களுக்குக் கொடுக்கிறவர்களும் இல்லை என்று சொல்லி அழுதார்.

நெல்லிக்கனியின் மறுபக்கம் இது. நீண்ட ஆயுள் என்பது எல்லோரையும் விட அதிக நாள் சிரிப்பது மட்டும் அல்ல. எல்லோருக்காகவும் அழ மிஞ்சி நிற்பதும்தான். கனியைக் கொடுத்தவன் போய்விட்டான். உண்டவர் இருந்து அவனுக்கு இரங்கல் பாடினார். அந்தப் பாட்டு இல்லாவிட்டால் அதியமானுடைய கொடை இன்று யாருக்குத் தெரியும்?

சேர, சோழ, பாண்டிய மன்னர்கள் மூவர் ஒரே இடத்தில் நட்போடு அமர்ந்திருந்த ஓர் அரிய காட்சியையும் ஔவையார் பாடியிருக்கிறார். மூவேந்தரும் ஒருவரையொருவர் பகைத்தே பழகிய காலம் அது. செல்வம் கூட வராது, செய்த அறமே துணை என்று அந்த மூவருக்கும் எடுத்துச் சொல்லி, வானத்து மீனினும் மழைத்துளியினும் அதிக நாள் அவர்கள் வாழ வேண்டும் என்று வாழ்த்தினார். முடிமன்னர் மூவரை ஒருங்கே அமர்த்தி அறிவுரை சொல்லும் தகுதி எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

முதுமையைக் கேட்டு வாங்கியவர்

பிற்கால ஔவையாரைப் பற்றி வழங்கும் கதை இன்னும் வியப்பானது. அழகும் இளமையும் நிறைந்த கன்னிப் பருவத்தில் அவருக்குக் கல்யாணம் பேசினார்கள். அவர் பிள்ளையார் முன் நின்று அழுது, தன் இளமையை எடுத்துக்கொண்டு முதுமையைத் தரும்படி வேண்டினாராம். பிள்ளையாரும் கிழவியாக்கிவிட்டாராம். பெற்றோர் அதிர்ந்து நிற்க, புதிய கிழவி கோலை எடுத்துக்கொண்டு ஊர்வலம் கிளம்பிவிட்டாள்.

இது கதைதான். ஆனால் கதையைக் கட்டியவர்கள் நாட்டு நடப்பை அறிந்தவர்கள். ஓர் இளம்பெண் தனியே ஊர் ஊராகப் போக முடியாது. அரசவையில் பேச முடியாது. ஆண்களுக்குப் புத்தி சொல்ல முடியாது. கிழவியானால் எல்லாக் கதவும் திறக்கும். பாட்டி என்றால் மரியாதை. அந்த நாளில் பெண்ணுக்கு முதுமை ஒரு விடுதலை. இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது. நரையைக் கண்டால் மை, சுருக்கத்தைக் கண்டால் பூச்சு, சோர்வைக் கண்டால் மாத்திரை என்று தேடும் காலம் வந்துவிட்டது.

இந்தக் காலத்துக் கனி

பெண்ணின் சூலகத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஊறுகிறது. நாற்பதுகளின் நடுவிலிருந்து ஐம்பதைத் தாண்டுவதற்குள் அது வெகுவாகக் குறைந்து, மாதவிலக்கு நின்று போகிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நேர்கிறது. மேல்நாட்டில் 51 வயதில். அப்போது திடீரென்று உடம்பு தகிப்பது, இரவில் வியர்த்துக் கொட்டுவது, தூக்கம் கெடுவது, மனம் சஞ்சலப்படுவது, பிறப்புறுப்பில் வறட்சி எல்லாம் வரலாம். வெளியே தெரியாமல் எலும்பும் மெலிகிறது. சிலருக்கு இவை லேசாக வந்து போகும்; சிலரை ஆட்டிப் படைக்கும். இது நோய் அல்ல, பருவம். ஆனால், பருவம் என்று சொல்லி ஒரு பெண்ணின் அவஸ்தையை அலட்சியம் செய்வதும் நியாயம் அல்ல.

குறைந்த ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்கும் யோசனை பழையதுதான். சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1966ல் ராபர்ட் வில்ஸன் என்ற டாக்டர் ஒரு புத்தகம் எழுதினார். இந்த மருந்தைச் சாப்பிட்டால் பெண்மை என்றும் வாடாது என்று அதில் ஆசை காட்டினார். புத்தகமும் விற்றது, மாத்திரையும் விற்றது. ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வரும் அபாயம் கூடுகிறது என்று 1975ல் ஆராய்ச்சிகள் வெளியாயின. அதற்குப் பிறகு, கருப்பை உள்ளவர்களுக்கு புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மாரடைப்பையும் இது தடுக்கும் என்ற நம்பிக்கை பரவிற்று.

நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க அமெரிக்காவில் பெரிய பரிசோதனை நடந்தது. 16,608 பெண்களுக்கு ஒரு பாதிக்கு மருந்தும், மறு பாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். 2002 ஜூலையில் அது பாதியில் நிறுத்தப்பட்டது. மருந்து சாப்பிட்ட 10,000 பெண்களில் வருஷத்துக்கு 8 பேருக்கு மார்பகப் புற்றும், 7 பேருக்கு இருதய நோயும், 8 பேருக்குப் பக்கவாதமும், 8 பேருக்கு நுரையீரலில் இரத்தக் கட்டியும் அதிகமாக வந்தன. மறுபக்கம் 5 பேருக்கு இடுப்பெலும்பு முறிவும், 6 பேருக்குக் குடல் புற்றும் குறைந்தன. செய்தி பரவியதும் உலகமெங்கும் பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள்.

அதுவும் ஒரு பக்கச் சாய்வுதான் என்று பின்னால் தெரிந்தது. அந்தப் பரிசோதனையில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிலக்கு நின்று பல வருஷம் ஆனவர்களே அதிகம். 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று பத்து வருஷத்துக்குள் ஆரம்பிப்பவர்களுக்கு ஆபத்து குறைவு. தகிப்புக்கும் வியர்வைக்கும் இதைவிடச் சிறந்த மருந்து இல்லை என்பது இன்று நிபுணர்களின் அபிப்பிராயம். 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இந்த மருந்துகளின் மேல் இருந்த கடுமையான எச்சரிக்கைகளில் பலவற்றை எடுத்துவிடுவதாக அறிவித்தது.

ஆயுள் விஷயம் என்ன? அந்தப் பரிசோதனைகளில் சேர்ந்த 27,347 பெண்களைச் சுமார் 18 வருஷம் தொடர்ந்து கவனித்து 2017ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து சாப்பிட்டவர்கள் அதிக நாள் வாழவும் இல்லை. குறைந்த நாள் வாழவும் இல்லை. மொத்த மரணக் கணக்கு இரண்டு பக்கமும் சமமாகவே இருந்தது. ஆகவே இது ஆயுளைக் கூட்டும் கனி அல்ல. அவஸ்தையைத் தணிக்கும் மருந்து.

எடை போட வேண்டியவர் யார்?

மார்பகப் புற்று வந்தவர்களும், இரத்தக் கட்டி, பக்கவாதம், மாரடைப்பு, கடுமையான கல்லீரல் நோய் கண்டவர்களும், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களும் சாதாரணமாக இந்த மருந்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. மற்றவர்கள் தங்கள் அவஸ்தையின் கடுமை, வயது, குடும்பத்தில் உள்ள நோய் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லி முடிவு செய்ய வேண்டும். தோலில் ஒட்டும் பட்டை, பூசும் களிம்பு ஆகியவற்றால் மாத்திரையைவிட இரத்தக் கட்டி அபாயம் குறைவு. இளம் வயதிலேயே சூலகம் அகற்றப்பட்டவர்களின் விஷயம் வேறு. எலும்புக்கும் இருதயத்துக்கும் முன்கூட்டியே கேடு வராமல் இருக்க, இயற்கையாக நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் கொடுப்பது அவர்களுக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

எலும்பைக் காப்பாற்றத் தகடூர் மண்ணிலேயே ஒரு பொருள் விளைகிறது. அது கேழ்வரகு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. களியும் கூழும் சாப்பிட்டு, வெயிலில் நடந்து, சுமை தூக்கி வேலை செய்வது எலும்புக்கு உரம். நெல்லிக்காயிலோ ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. சித்த வைத்தியர்கள் அதைக் கற்ப மருந்துகளில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அதுவும் சாவைத் தள்ளிப் போடும் என்று யாரும் நிரூபித்தது இல்லை. தினம் ஒன்று தின்றால் சரீரத்துக்கு நல்லது, அவ்வளவே.

அதியமான் கனியின் நன்மையை மறைத்தான். அதனால் அவனுக்கு லாபம் ஏதும் இல்லை, நஷ்டமே உண்டு. ஆகவே அந்த மறைப்பு கொடையாயிற்று. மருந்து விற்ற மேல்நாட்டார் நன்மையை முரசறைந்தார்கள். தீமையைப் பற்றி வாய் திறக்க வெகுகாலம் ஆயிற்று. பிறகு தீமையை மட்டும் உரக்கச் சொல்லி, உண்மையில் பலன் பெறக்கூடியவர்களையும் பயப்படுத்தினார்கள். நன்மை தீமை இரண்டையும் ஒரே குரலில் சொல்லி, எடை போடும் உரிமையைப் பெண்ணின் கையில் கொடுப்பதுதான் வைத்தியருக்கு அழகு. கனியின் தன்மை தெரிந்திருந்தால் ஔவையார் அதை உண்டிருப்பாரோ, மறுத்திருப்பாரோ! எப்படியானாலும் அந்தத் தீர்ப்பு அவருடையதாக இருந்திருக்கும்.

அவர் எத்தனை வயது வரை வாழ்ந்தார் என்று எந்த நூலும் கணக்கு வைக்கவில்லை. கிடைத்த ஆண்டுகளில் அவர் செய்ததை மட்டும் தமிழர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். சினந்த இடத்தில் நியாயம் கேட்டார். பகைவன் சபையில் நண்பனின் மானத்தைக் காத்தார். மன்னர் மூவருக்கு அறம் சொன்னார். மாண்டவனுக்குப் பாட்டால் உயிர் கொடுத்தார். இரண்டாயிரம் வருஷம் கழித்தும் தர்மபுரியில் ஒரு பாட்டி பேரப்பிள்ளைக்கு நெல்லிக்காயைக் கையில் கொடுக்கும்போது ஔவைக் கதையையும் சேர்த்துத்தான் கொடுக்கிறாள். ஆயுள் என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.